பெருங்குற்றங்களுக்குச் சான்று சேர்ப்பது எப்படி? ஆசியாவில் நீதி கோருவோருக்கு ஒரு வழிகாட்டி

ஐரோப்பாவுக்கும் அமெரிக்கக் கண்டத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் வட்டார அளவிலான மனித உரிமை நீதிமன்றங்கள் உண்டு. ஆசியாவுக்கு அப்படி ஒன்று இன்றுவரை இல்லை. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சட்டத்தில் இந்தியா, சீனா, பாகிஸ்தான், இந்தோனேசியா, மியான்மர், இலங்கை ஆகியவை சேரவில்லை. அதனால் இக்கண்டத்தில் ஒரு கிராமம் எரிக்கப்பட்டாலோ, சரணடைந்தவர்கள் காணாமல் ஆக்கப்பட்டாலோ, அந்தக் குற்றத்தை எந்த நீதிமன்றம், எந்த ஆண்டில், எந்தச் சட்டத்தின்படி விசாரிக்கும் என்பதை அன்று யாராலும் சொல்ல முடிவதில்லை. கம்போடியாவில் பெருங்கொலைகள் நிகழ்த்திய க்மெர் ரூஜ் ஆட்சி 1979 ஜனவரியில் விழுந்தது, ஐ.நா. துணையோடு அமைந்த சிறப்பு நீதிமன்றம் தன் முதல் தீர்ப்பை 2010 ஜூலை 26 அன்றுதான் வழங்கியது. 31 ஆண்டுகள் கழித்தும் வழக்கு நிலைத்து நின்றதற்கு முக்கியக் காரணம், அந்த ஆட்சியின் துவோல் ஸ்லெங் சிறையில் கைவிடப்பட்ட கோப்புகள் அழியாமல் காக்கப்பட்டதும், 1995இல் தொடங்கிய கம்போடிய ஆவண மையம் அவற்றோடு இன்னும் ஏராளமானவற்றைச் சேர்த்து வைத்ததும்தான்.

இன்னும் பிறக்காத ஒரு நீதிமன்றத்துக்காக இன்றே சான்று சேர்க்க வேண்டியிருக்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பங்கள், உள்ளூர் அமைப்புகள், செய்தியாளர்கள், புலம்பெயர்ந்த நாடுகளில் இயங்குவோர் என வழக்கறிஞர் அல்லாதவர்களே பெரும்பாலும் இந்தப் பணியைத் தொடங்குகிறார்கள் என்பதால், அவர்களை மனதில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

எதை நிரூபிக்க வேண்டும்

குற்றம் நடந்தது என்று மக்களை நம்பவைப்பதும், இன்னார்தான் அதற்குப் பொறுப்பு என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பதும் வேறு வேறு வேலைகள். நீதிமன்றத்துக்கு மூன்று அடுக்குச் சான்றுகள் தேவைப்படுகின்றன. கொலை, சித்திரவதை, வன்புணர்வு, வெளியேற்றம் போன்ற செயல் நடந்தது என்பது முதல் அடுக்கு. அந்தச் செயலைப் பெருங்குற்றமாக்கும் சூழல் இரண்டாவது: மனிதகுலத்துக்கு எதிரான குற்றமென்றால், பொதுமக்கள்மீது பரவலான அல்லது திட்டமிட்ட தாக்குதல் நடந்திருக்க வேண்டும், போர்க்குற்றமென்றால், ஆயுத மோதலோடு அதற்குத் தொடர்பு இருக்க வேண்டும், இனப்படுகொலையென்றால், ஒரு தேசிய, இன அல்லது மதக் குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழித்துவிடும் நோக்கம் இருந்திருக்க வேண்டும். களத்தில் துப்பாக்கி ஏந்தியவரையும் அவருக்கு மேலே அமர்ந்து கட்டளையிட்டவரையும் இணைக்கும் சான்று மூன்றாவது அடுக்கு. பெரும்பாலான தொகுப்புகளில் முதல் அடுக்கு குவிந்துகிடக்க, மூன்றாவது அடுக்கு ஏறத்தாழ வெறுமையாக இருக்கும். பொறுப்புக்கூறல் முயற்சிகள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் அதுதான்.

குற்றத்தின் பெயரைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்து, அதற்கேற்பச் சாட்சிகளைப் பேசவைக்காதீர்கள். எது இனப்படுகொலை, எது மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்பதைச் சட்டம் பின்னர் வகுத்துக்கொள்ளும். சாட்சி தன் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் கலப்பில்லாமல் பதிவுசெய்வதே உங்கள் பொறுப்பு.

வாக்குமூலம்

“ராணுவம் வந்தது, சுட்டது, எல்லோரும் செத்துப்போனார்கள்” என்ற வாக்கியம் முழு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு நீதிபதியால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. அந்தச் சாட்சி எங்கே நின்றார், சுட்டவர்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தார்கள், வெளிச்சம் இருந்ததா, இடையில் வேலியோ சுவரோ இருந்ததா, வந்தவர்களின் உடை என்ன நிறம், தோளிலோ தொப்பியிலோ சின்னம் இருந்ததா, எந்த மொழியில் பேசினார்கள், ஒருவர் மற்றவரைப் பெயராலோ பதவியாலோ அழைத்தாரா, எந்த வகை வாகனத்தில் வந்து எந்தத் திசையில் போனார்கள், அவர்கள் ராணுவத்தினர்தான், துணைக்குழுவினர் அல்லர் என்று சாட்சிக்கு எப்படித் தெரியும் ஆகிய கேள்விகளுக்கான பதில்கள்தான் அந்த வாக்கியத்தைச் சான்றாக்குகின்றன. நேரில் கண்டது, பிறர் சொல்லக் கேட்டது, தாமாக ஊகித்தது ஆகிய மூன்றையும் தனித்தனியே குறியுங்கள். சாட்சி “தெரியாது” என்று சொன்னால், அதையும் அப்படியே எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் சாட்சியின் மற்ற சொற்களுக்கு எடை கூடுகிறது.

விடையைத் தன்னுள்ளே கொண்ட கேள்வியைக் கேட்கக் கூடாது. “அவர்கள் உங்கள் மகனைக் கட்டி இழுத்துச் சென்றார்களா?” என்று கேட்பதைவிட, “அதன் பிறகு என்ன நடந்தது?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது நல்லது. மொழிபெயர்ப்பாளர் இருந்தால், அவர் யார், சாட்சிக்கு உறவினரா, எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்குப் பெயர்த்தார் என்பவற்றை வாக்குமூலத்திலேயே எழுத வேண்டும். சாட்சி பேசிய மூல மொழியிலான பதிவு கட்டாயம் இருக்க வேண்டும். சுருக்கமான மொழிபெயர்ப்பு மட்டும் எஞ்சியிருந்தால், பிற்காலத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

ஒரே சாட்சியிடம் பலர் பலமுறை வாக்குமூலம் வாங்கும் பழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும். 2017 ஆகஸ்டுக்குப் பின் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் மியான்மரிலிருந்து வங்காளதேசத்துக்குத் தப்பிவந்தபோது, முகாம்களில் ஒரே பெண்ணிடம் அமைப்புகளும் செய்தியாளர்களும் மாறி மாறி அதே கொடுமையைச் சொல்லச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் காயம் புதிதாகத் திறக்கிறது. அத்துடன், ஒவ்வொரு பதிவிலும் நேரமோ எண்ணிக்கையோ வரிசையோ சிறிது மாறுகிறது. அந்தச் சிறு மாற்றங்களை அடுக்கிக் காட்டியே நேர்மையான சாட்சியைப் பொய்யராகச் சித்திரிக்க முடியும். ஆகவே பேட்டியைத் தொடங்கும் முன், இதற்கு முன் யாரிடம் சொன்னார் என்று கேளுங்கள். முழுமையான வாக்குமூலம் ஏற்கெனவே இருந்தால், பெயர், தொடர்பு கொள்ளும் வழி, நிகழ்வின் இரண்டு வரிச் சுருக்கம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தைகளிடமும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடமும் பயிற்சி இல்லாதவர்கள் விரிவான வாக்குமூலம் எடுக்கக் கூடாது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் அலுவலகமும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதித்துறை ஒத்துழைப்பு அமைப்பான யூரோஜஸ்டும் 2022இல் குடிமை அமைப்புகளுக்காக இணைந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த எச்சரிக்கையைத்தான் முன்வைக்கிறது.

ஒப்புதல் என்பது தாளின் அடியில் ஒரு கையெழுத்து என்று எண்ணிவிடாதீர்கள். வாக்குமூலத்தை அமைப்பின் ஆவணமாக வைத்திருப்பதற்கும், ஐ.நா. விசாரணையாளர்களிடம் கொடுப்பதற்கும், வெளிநாட்டுக் காவல்துறையிடம் கொடுப்பதற்கும், பெயரை மறைத்து வெளியிடுவதற்கும் தனித்தனியே கேட்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்பதையும், திரும்பப் பெறுமுன் பிறரிடம் போய்ச் சேர்ந்ததை மீட்க முடியாமல் போகலாம் என்பதையும் சொல்ல வேண்டும். தண்டனை கிடைக்கும், இழப்பீடு வரும், வெளிநாட்டில் அடைக்கலம் கிடைக்கும் என்று எதையும் வாக்களிக்கக் கூடாது. பல ஆண்டுகள் அலைக்கழிக்கப்பட்ட ஒரு தாயிடம் பொய் நம்பிக்கையை ஊட்டுவது அவருக்கு இழைக்கும் இன்னொரு அநீதி.

படங்கள், காணொளிகள், கோப்புகள்

சிரியாவில் “சீசர்” என்ற புனைபெயரால் அறியப்பட்ட ராணுவப் புகைப்படக்காரர் 50,000க்கும் மேற்பட்ட படங்களை நாட்டைவிட்டு வெளியே கடத்திவந்தார். காவலில் இறந்தவர்களின் உடல்களோடு கைதி எண், பிடித்துவைத்த உளவுப் பிரிவின் எண், மருத்துவப் பரிசோதனை எண் என எண்கள் அந்தப் படங்களில் பதிவாகியிருந்தன. தடயவியல் நிபுணர்கள் அவற்றை ஆராய்ந்தார்கள். ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகர நீதிமன்றம், சிரியாவின் முன்னாள் உளவுத்துறை அதிகாரி அன்வர் ரஸ்லானுக்கு 2022 ஜனவரி 13 அன்று ஆயுள் தண்டனை விதித்த வழக்கில் அந்தப் படங்களும் சான்றாக இருந்தன. கொடூரமான ஒரு படத்தைவிட, எங்கே, எப்போது, யாருடைய பொறுப்பில் இருந்தபோது எடுக்கப்பட்டது என்று காட்டக்கூடிய படம்தான் நீதிமன்றத்தில் பேசும்.

மூலக் கோப்பை ஒருபோதும் திறந்து திருத்தாதீர்கள். வெட்டுவது, ஒளியைக் கூட்டுவது, எழுத்துப் பதிப்பது எல்லாவற்றையும் பிரதியில் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது தரம் குறைவதோடு, எடுத்த நேரம், இடம் போன்ற உட்தகவல்களும் நீங்கிவிடுகின்றன. எனவே முதலில் எடுத்தவரின் கைப்பேசியிலிருந்து கம்பி வழியாகவோ நினைவட்டை வழியாகவோ நேரடியாக எடுப்பதே சிறந்தது. அந்தக் கைப்பேசியையே பத்திரப்படுத்த முடிந்தால் இன்னும் நல்லது. கோப்பு கைக்கு வந்த உடனேயே எஸ்.எச்.ஏ-256 முறையில் அதன் ஹாஷ் மதிப்பைக் கணித்து எழுதிவையுங்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும் என்பதால், அதை அந்தக் கோப்பின் கைரேகை எனலாம். பத்தாண்டுகளுக்குப் பின்னும் இது அதே கோப்புதான் என்று காட்ட அது உதவும். யூடியூபிலோ முகநூலிலோ ஏற்றிவிட்டோம், பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2017இல் யூடியூபின் தானியங்கி முறை சிரியப் போர்க் காணொளிகளை ஆயிரக்கணக்கில் நீக்கியது.

ஒவ்வொரு பொருளுக்கும் கைமாற்றப் பதிவு வேண்டும். எந்தப் பொருள், எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரிடமிருந்து யாருக்கு, எந்த இடத்தில், எதற்காகக் கைமாறியது, உறை முத்திரையிடப்பட்டிருந்ததா என்று ஒரு வரி; அடுத்து கைமாறும்போது அடுத்த வரி. சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இடையில் ஒரு வரி விடுபட்டால் அந்த இடைவெளியில் பொருள் மாற்றப்பட்டிருக்கலாம் என்று வாதாட இடம் கிடைக்கிறது. இணையத்தில் கிடைக்கும் சான்றுகளைச் சேர்ப்பவர்கள், ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி மனித உரிமை மையமும் 2020இல் வெளியிட்ட பெர்க்லி நெறிமுறையைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

புதைகுழிகள்

எலும்பு தென்பட்டால் தோண்டாதீர்கள். அன்போடும் பதற்றத்தோடும் செய்யப்படும் அந்தச் செயல் சான்றை அழித்துவிடும். மண்ணின் அடுக்கு, உடல் கிடந்த திசை, கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தனவா, அருகில் கிடந்த தோட்டா, துணியின் பொத்தான் எல்லாமே சேர்ந்துதான் மரணத்தின் கதையைச் சொல்கின்றன. இடத்தின் படத்தைப் பல கோணங்களில் எடுத்து, இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு, நீதவானுக்கும் வழக்கறிஞருக்கும் ஒரே நேரத்தில் தெரிவியுங்கள். இறப்பு விசாரணைகளுக்கான மினசோட்டா நெறிமுறையின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு, அகழ்வில் குடும்பங்களுக்கு உள்ள உரிமைகளையும் விளக்குகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அகழ்வைக் கண்காணியுங்கள்.

இலங்கையில் இது தொலைதூரப் பாடம் அல்ல. முல்லைத்தீவு மாவட்டம் கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனிதப் புதைகுழி வெளிப்பட்டது. யாழ்ப்பாணம் செம்மணியில் 1999இல் 15 உடல்கள் எடுக்கப்பட்டன. 2025இல் அதே பகுதியின் சித்துப்பாத்தி மயானத்தில் தொடங்கிய அகழ்வில் குழந்தைகளுடையவை உட்பட 200க்கும் மேற்பட்ட என்புத் தொகுதிகள் வெளிவந்தன. பள்ளிப்பையும் பொம்மையும் அவற்றோடு கிடைத்தன. மன்னாரின் சதொச (அரசு விற்பனை நிலையம்) கட்டட வளாகத்தில் 2018இல் கண்டெடுக்கப்பட்ட 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளைப் பற்றியோ, அமெரிக்க ஆய்வகத்தின் கரிமக் காலக் கணிப்பு அவை பல நூற்றாண்டுகள் பழையவை என்று கூறியது. அதன்மேல் எழுந்த ஐயங்கள் இன்றும் பேசப்படுகின்றன. மாதிரிகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எந்த எலும்பிலிருந்து, எத்தனை, வேறோர் ஆய்வகத்துக்கும் அனுப்பப்படுமா என்ற கேள்விகளை முடிவு வெளிவருமுன்பே நீதிமன்றத்தில் எழுப்பிப் பதிவுசெய்ய வேண்டும் என்பதே இதில் குடும்பங்களுக்குள்ள படிப்பினை. அகழ்வு முடியுமுன் “இவை எங்கள் பிள்ளைகள்” என்று அறிவித்துவிடுவதும் வழக்கைப் பலவீனமாக்கும்.

காணாமல் ஆக்கப்பட்டவரைப் பற்றிய உடற்குறிப்புகளை இப்போதே எழுதிவையுங்கள்: உயரம், முறிந்து சேர்ந்த எலும்பு, நிரப்பிய பல், பழைய காயம், கடைசியாக உடுத்தியிருந்த உடையின் நிறமும் தையலும். மரபணு ஒப்பீட்டுக்குப் பெற்றோரின் மாதிரி மிகவும் பயன்படும். தேடியலைந்த பெற்றோர் பலர் விடை தெரியாமலே இறந்துகொண்டிருக்கிறார்கள் என்பதால், நம்பகமான அமைப்பு வழியாக அந்த மாதிரியைப் பாதுகாக்கும் வேலை தள்ளிப்போடக் கூடாதது. பிலிப்பைன்ஸில் வேறொரு கெடு இருந்தது. போதைப்பொருள் எதிர்ப்பு நடவடிக்கையில் கொல்லப்பட்டவர்களுக்காக ஏழைக் குடும்பங்கள் வாடகைக்கு எடுத்த கல்லறைகளின் தவணை முடிந்ததால் உடல்கள் வெளியே எடுக்கப்பட்டன. இயற்கை மரணம் என்று சான்றிதழ் தரப்பட்ட சிலரின் எலும்புகளில் துப்பாக்கிக் குண்டுக் காயம் இருந்ததைத் தடயவியல் மருத்துவர் கண்டறிந்தார்.

மேலே இருப்பவரை நோக்கி

ரோம் சட்டத்தின் 28ஆம் உறுப்பின்படி, கீழுள்ளவர்கள் குற்றம் செய்வதை அறிந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தும், தடுக்கவோ தண்டிக்கவோ தவறிய தளபதி பொறுப்பாளியாகிறார். கட்டளைக் கடிதம் கிடைக்காவிட்டாலும், அறிந்திருந்தார் என்று காட்ட முடிந்தால் வழி திறக்கிறது. அதனால்தான் ஒரு கிராம அமைப்பு ராணுவ முகாமுக்கோ மாவட்டச் செயலகத்துக்கோ அனுப்பிய முறைப்பாட்டுக் கடிதமும், அதில் குத்தப்பட்ட “பெற்றுக்கொள்ளப்பட்டது” என்ற முத்திரையும் தேதியும் விலைமதிப்பற்றவை. இலங்கைப் போரின் இறுதிக் கட்டம் குறித்த ஐ.நா. பொதுச் செயலரின் நிபுணர் குழு 2011இல் அளித்த அறிக்கை, வன்னியின் மருத்துவமனைகள் இருக்கும் இடங்கள் அரசுக்கு நன்கு தெரிந்திருந்தும் அவை எறிகணைகளால் தாக்கப்பட்டன என்று பதிவுசெய்தது. “தெரிந்திருந்தும்” என்ற அந்த ஒற்றைச் சொல்லை நிலைநாட்டக் கடிதங்களும் தொலைநகல்களும் அழைப்புப் பதிவுகளும் வேண்டியிருக்கின்றன.

எந்தப் படைப்பிரிவு எந்த நாள்களில் எந்த ஊரில் இருந்தது, அதன் தளபதி யார், எப்போது பொறுப்பேற்றார், எப்போது மாறினார் என்று ஓர் அட்டவணை உருவாக்குங்கள். வர்த்தமானி அறிவிப்புகள், பதக்கமளிப்புச் செய்திகள், ராணுவத்தின் சொந்த இணையதளங்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் பெருமையோடு அளிக்கும் நேர்காணல்கள் ஆகியவை இதற்கு நல்ல மூலங்கள். விசாரணை நெருங்கும்போது அவை மறைந்துவிடக் கூடும் என்பதால், பார்த்த அன்றே முழுப் பக்கத்தையும் இணைய முகவரியோடும் தேதியோடும் சேமியுங்கள். துவோல் ஸ்லெங் சிறைத் தலைவர் காங் கெக் இயெவ், கைதிகளின் வாக்குமூலங்களின் ஓரத்தில் தன் கைப்பட எழுதிய குறிப்புகளே அவருக்கு எதிரான வலுவான சான்றுகளாக அமைந்தன.

எந்தக் கதவைத் தட்டுவது

பெயர் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டு நீதிமன்றங்களைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் தி ஹேக்கில்தான் இருக்கின்றன. சர்வதேச நீதிமன்றத்தில் நாடுகள் மட்டுமே வழக்காட முடியும். சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தனிமனிதர்களை விசாரிக்கிறது. அதன் வழக்குத்தொடுநருக்கு ரோம் சட்டத்தின் 15ஆம் உறுப்பின்கீழ் யார் வேண்டுமானாலும் தகவல் அனுப்பலாம். ஆனால் குற்றம் 2002 ஜூலை 1க்குப் பின் நடந்திருக்க வேண்டும். உறுப்பு நாட்டின் மண்ணிலோ, உறுப்பு நாட்டுக் குடிமகனாலோ நடந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த நாடு நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்தை, அதாவது விசாரிக்கும் அதிகாரத்தை, ஏற்றிருக்க வேண்டும் அல்லது ஐ.நா. பாதுகாப்புச் சபை பரிந்துரைக்க வேண்டும். பிலிப்பைன்ஸ் 2019 மார்ச்சில் விலகிக்கொண்டபோதும், உறுப்பினராக இருந்த காலத்துக் கொலைகளுக்காக முன்னாள் அதிபர் ரொட்ரிகோ டுடெர்டே 2025 மார்ச் 11 அன்று கைதுசெய்யப்பட்டு ஹேக்குக்கு அனுப்பப்பட்டார்.

ரோஹிங்யாக்களின் அனுபவம் இதில் எல்லோருக்கும் வழிகாட்டக் கூடியது. மியான்மர் உறுப்பு நாடு அல்ல. ஆனால் விரட்டப்பட்டவர்கள் கால்வைத்த வங்காளதேசம் உறுப்பு நாடு. எல்லையைக் கடந்தபோதே நாடுகடத்தல் குற்றத்தின் ஒரு பகுதி அங்கே நிறைவேறியது என்ற வாதத்தை நீதிபதிகள் 2018 செப்டம்பரில் ஏற்றார்கள். 2019 நவம்பரில் காம்பியா, இனப்படுகொலை உடன்படிக்கையின்கீழ் மியான்மருக்கு எதிராகச் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அதே மாதம் அர்ஜென்டினாவில், குற்றம் எங்கே நடந்தாலும் விசாரிக்கலாம் என்னும் உலகளாவிய நியாயாதிக்கத்தின்படி ஒரு முறைப்பாடு பதிவானது. அதன் விளைவாக 2025 பிப்ரவரியில் அந்நாட்டு நீதிமன்றம், மியான்மரின் அப்போதைய ராணுவத் தலைவர் மின் ஆங் லைங் உள்ளிட்டோருக்குப் பிடியாணை பிறப்பித்தது. மூன்று கதவுகளையும் ஒரே சான்றுத் திரட்டு தட்டியது என்பதைக் கவனியுங்கள்.

உள்நாட்டு நீதிமன்றத்தைப் பயனற்றது என்று ஒதுக்கிவிடாதீர்கள். உள்நாட்டில் உண்மையான விருப்பமோ திறனோ இல்லை என்று காட்டினால்தான் வெளிநாட்டுக் கதவுகள் பல திறக்கும். மியான்மரின் இன் டின் கிராமத்தில் 10 ரோஹிங்யா ஆண்களைக் கொன்றதற்காக 10 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்ற 7 படையினர் ஓராண்டுக்குள் விடுதலையானார்கள். இலங்கையில் மிருசுவில் படுகொலைக்காக 2015இல் மரண தண்டனை பெற்ற படைவீரர் ஒருவர் 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தார். ஆகவே காவல்துறை முறைப்பாடு, மனித உரிமை ஆணைக்குழு மனு, ஆட்கொணர்வு மனு ஆகியவற்றின் பிரதிகளையும், ஒத்திவைக்கப்பட்ட ஒவ்வொரு தவணையின் தேதியையும் காரணத்தையும் கோப்பில் வையுங்கள். அந்தத் தாமதமே ஒரு சான்று.

ஐ.நா. அமைப்புகளும் சான்றுகளை ஏற்கின்றன. மியான்மருக்கான சுயாதீன விசாரணைப் பொறிமுறை 2019 முதல் இயங்குகிறது. இலங்கைக்கு, மனித உரிமைப் பேரவையின் 2021ஆம் ஆண்டு 46/1 தீர்மானத்தின்படி ஆணையர் அலுவலகத்தில் சான்று சேகரிக்கும் திட்டம் தொடங்கி, பின்னர் நீட்டிக்கப்பட்டும் வருகிறது. ஒருவர் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால், எந்த நாட்டினராயினும் குடும்பத்தார் வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய ஐ.நா. செயற்குழுவுக்கு எழுதலாம். பயணத் தடை, சொத்து முடக்கம் போன்றவற்றை விதிக்கப் பிற நாடுகள் வெளியிடும் தடைப் பட்டியல்கள் தண்டனை ஆகா. ஆனாலும் 2025 மார்ச்சில் பிரிட்டன் மூன்று முன்னாள் இலங்கைப் படைத் தளபதிகளையும் விடுதலைப் புலிகளின் முன்னாள் தளபதி கருணா எனப்படும் முரளிதரனையும் பட்டியலிட்டது போன்ற நடவடிக்கைகளுக்கு, ஒழுங்கான கோப்பு தேவைப்படுகிறது. மரண தண்டனை விதிக்கக்கூடிய நீதிமன்றத்துக்கு மியான்மர் பொறிமுறை சான்றுகளைத் தராது என்பதை வங்காளதேசம் போன்ற நாடுகளில் வழக்காட நினைப்போர் முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

அனுப்பும் தொகுப்பில் நம் தரப்பினர் செய்த குற்றங்களை மறைக்காதீர்கள். இலங்கையில் 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதையும் சிறுவர்களைப் படையில் சேர்த்ததையும் விட்டுவிட்டு எழுதப்படும் ஆவணம், பிற பக்கங்கள் அனைத்தும் உண்மையாக இருந்தும், வாசிக்கும் விசாரணையாளரின் நம்பிக்கையை இழக்கிறது. அங்கே பாதிக்கப்பட்டவர்களும் அதே நீதிக்கு உரியவர்கள் என்பதே முதற்காரணம்.

தொகுப்பின் முதல் பக்கத்தில் பொருளடக்கமும், ஒவ்வொரு இணைப்புக்கும் எண்ணும், எந்தச் சான்று எந்தக் கூற்றை நிறுவுகிறது என்ற குறிப்பும் இருக்கட்டும். சாட்சிகளின் பெயருக்குப் பதிலாகக் குறியீட்டு எண் இட்டு, பெயரும் எண்ணும் பொருந்தும் பட்டியலை மறையாக்கம் செய்து வேறோர் இடத்தில் வையுங்கள். அனுப்பிய பிறகு பதில் வர ஆண்டுகள் ஆகலாம்; அதற்குள் சாட்சிகள் வீடு மாறுவார்கள், நாடு மாறுவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் பாதுகாப்பான வழியில் தொடர்புகொண்டு, புதிய முகவரியையும், ஒப்புதல் தொடர்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கோப்புகளைக் காக்கும் பொறுப்பு உங்களுக்குப் பின் யாருக்கு, கடவுச்சொல் அவரிடம் எப்படிப் போய்ச்சேரும் என்பதை இன்றே எழுதி, இருவருக்குத் தெரியும்படி வைத்துவிடுங்கள்.